செருப்புச் சத்தியம்

"தாயி, நான் செருப்புப் போடலாமா, கூடாதா?"

மூச்சு வாங்கப் பாறை ஏறி வந்து கோமதிநாயகம் கேட்ட முதல் கேள்வி இதுதான். கும்பிடக்கூட மறந்துவிட்டார்.

சுனைத்தாயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். கேட்டவருக்கு ஐம்பத்தாறு. ஊருக்கு வெளியே இருக்கும் அந்த மொட்டைப் பாறையில், சுனையை ஒட்டிய கல்மண்டபத்தில் தனியாக இருக்கிறாள். எங்கிருந்து வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அவளிடம் போனால் குழப்பம் தீரும் என்பார்கள். போய்வந்த பிறகு கூடிவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு.

"உக்காந்து கேளுங்க அண்ணாச்சி," என்றாள்.

உட்கார்ந்தார். வலது குதிகாலைத் தரையில் படாமல் வைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், கட்சியின் மாவட்ட மாநாட்டில் கோமதிநாயகம் மைக்கைப் பிடித்து ஒரு சத்தியம் செய்தார். தலைவர் கோட்டையில் போய் உட்காரும் நாள்வரை என் காலில் செருப்பு ஏறாது. சொன்னதோடு விடவில்லை. போட்டிருந்ததைக் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசினார். அது யார் தலையில் விழுந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

தலைவர் கண்கலங்கி எழுந்துவந்து கட்டிப்பிடித்தார். மறுநாள் பேப்பரில் படம் வந்தது.

கையில் மைக் இருந்தால் மனுஷன் வாயில் என்ன வேண்டுமானாலும் வரும். ஆனால் கோமதிநாயகம் மைக்கைக் கீழே வைத்த பிறகும் சொன்னதைக் காப்பாற்றினார். அங்கேதான் வினையே.

இரண்டு தேர்தல் வந்து போயின. முதல் தடவை தோல்வி. இரண்டாம் தடவை டெபாசிட்டும் போயிற்று. அப்போதும் அவர் அசரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அடுத்த தடவை என்றார். சைக்கிள் கடை நடத்தும் மனுஷன், சித்திரை வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தார். ஊரார் அவருக்குச் செருப்பில்லா நாயகம் என்று பேர் வைத்தார்கள். அதில் பாதி மரியாதை, பாதி நக்கல்.

போன மாதம் தலைவர் ஓர் அறிக்கை விட்டார். நாலே வரி. உடம்பும் மனசும் களைத்துவிட்டன, கட்சியைக் கலைக்கிறேன், எல்லோரும் நன்றாக இருங்கள்.

ஜெயித்திருந்தால் இவர் செருப்புப் போட்டிருப்பார். தலைவர் விலைபோயிருந்தால் காறித் துப்பிவிட்டுப் போட்டிருப்பார். அந்த மனுஷன் இரண்டும் செய்யாமல் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

நன்றாக இருங்கள் என்றால் எப்படி இருப்பது?

இதற்கிடையில் சர்க்கரை. குதிகாலில் ஆறாத புண். இன்னும் ஒரு மாசம் இப்படி நடந்தால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவர் மனைவி சண்முகத்தாய் வாங்கி வைத்த மூன்று ஜோடிச் செருப்பு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அவள் இப்போது சண்டை போடுவதில்லை. புண்ணுக்கு மருந்து வைக்கும்போது மட்டும் மூக்கை உறிஞ்சுகிறாள்.

கட்சிக்காரர்களைக் கேட்டார். கட்சியே இல்லை, சத்தியம் மட்டும் எங்கே இருக்கும் என்றான் ஒருவன். வாக்குத் தவறினால் வம்சத்துக்கு ஆகாது என்றான் இன்னொருவன். எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன், எங்களோடு வாருங்கள், பூட்ஸே வாங்கித் தருகிறோம் என்றான்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்து, சுனைத்தாயி கீரைத் தண்டை ஒடித்தாள்.

"சத்தியம் யார்கிட்ட செஞ்சிய?"

"தலைவர்கிட்ட."

"அப்ப அவர்கிட்டயே போய்க் கேளுங்க."

கோமதிநாயகத்துக்குப் பொசுக்கென்று போயிற்று. இதைச் சொல்ல ஒரு மலை, ஒரு சுனை, ஒரு தாயியா? சண்முகத்தாயே சொல்லியிருப்பாளே.

ஆனாலும் போனார்.

*

நாலாம் நாள் திரும்பி வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை.

"பாத்தியளா?" என்றாள் சுனைத்தாயி.

பார்த்தார். தலைவர் சொந்த ஊரில், அப்பா கட்டிய ஓட்டு வீட்டில் இருந்தார். வாசலில் காரும் இல்லை, கூட்டமும் இல்லை. முண்டா பனியனோடு வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். யார் என்று கேட்கவில்லை. வா தம்பி, முதலில் சாப்பிடு என்றார். ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். மோர் தலைவரே ஊற்றினார். பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். சைக்கிள் கடை என்றதும், இப்போதெல்லாம் டியூப் எங்கிருந்து வருகிறது என்றுகூடக் கேட்டார்.

"என்னை அவருக்கு அடையாளம் தெரியல, தாயி."

"சரி."

"சத்தியமும் ஞாபகம் இல்ல."

"நீங்க ஞாபகப்படுத்தலியா?"

கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். நாக்கு நுனி வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. உங்களால் என் கால் போகப்போகிறது என்று மோர் ஊற்றுகிற கையைப் பார்த்து எப்படிச் சொல்வது?

கிளம்பும்போது தலைவர்தான் கவனித்தாராம். என்ன தம்பி, இந்த வெயிலில் வெறுங்காலோடு வந்திருக்கிறாயே என்று பதறிப்போனாராம். தன் காலில் கிடந்ததைக் கழற்றி, போட்டுக்கொள், போட்டுக்கொள் என்று கொடுத்தாராம்.

மஞ்சப்பையைப் பிரித்தார். தோல் செருப்பு. பெரிய கால்காரருடையது.

"அவர் மோசமானவரா இருந்திருந்தா எனக்கு நிம்மதி, தாயி. திட்டித் தீத்துருப்பேன். நல்லவரா இருக்காரு. நான் யாருன்னே தெரியாம எனக்காகப் பதறுதாரு. இப்ப நான் யாரை நோக?"

 பதினோரு வருஷம் யாருக்காக நடந்தாரோ, அந்தத் தலைவரை இப்போதும் இவருக்குப் பிடித்திருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கட்சி ஆபீஸ் போர்டை இன்னும் யாரும் இறக்கவில்லை. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து இந்தச் செருப்பை வைத்து மாலை போடலாம், பரதன் வைக்கவில்லையா என்று நாலு பேர் சொல்கிறார்கள். தூக்கிக் கிணற்றில் போடு என்கிறான் மச்சினன்.

"கும்பிடவா, வீசவா, போடவா? நீங்களே சொல்லுங்க."

சுனைத்தாயி எழுந்தாள். குடத்தை இடுப்பில் வைத்தாள். மஞ்சப்பை மேல் இருந்த செருப்பை எடுத்துக் கீழே போட்டு, அதில் காலை நுழைத்துக்கொண்டு, சரக் சரக்கென்று சுனைக்கு நடந்தாள்.

கோமதிநாயகம் தடுக்கக் கை நீட்டுவதற்குள் அவள் பாதித் தூரம் போய்விட்டாள்.

"தாயி, அது தலைவர் செருப்பு."

"பாறை சுடுது அண்ணாச்சி," என்று திரும்பாமல் சொன்னாள்.

தண்ணீர் மொண்டு வந்தாள். மண்டபத்து வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து ஒரு செம்பு நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"உங்களுக்கு இது விளையாட்டாத் தெரியுது. பதினோரு வருசம் தாயி. எதுக்கு நடந்தேன்னாவது சொல்லுங்க."

"எங்கெங்க நடந்திய?"

இது என்ன கேள்வி? எங்கே நடக்கவில்லை? தெருவுக்குக் குழாய் வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸுக்கு மட்டும் ஒன்பது தடவை. பீடி சுற்றும் பெண்களின் அடையாள அட்டைக்காக அலைந்தது தனிக் கணக்கு. மழையில் சுவர் இடிந்து செத்துப்போன காளியப்பன் வீட்டுக்கு நிவாரணம் கேட்டு, தாலுகா ஆபீஸ் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தது உண்டு. சொல்லச் சொல்ல அவருக்கே அலுத்துவிட்டது.

"அதெல்லாம் கட்சி வேலை, தாயி."

"தலைவர் செய்யச் சொன்னாரா?"

"அவருக்கு எங்க தெரு பேரே தெரியாது."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

"அப்ப அவர் இல்லாட்டாலும் நடந்திருப்பிய," என்றாள் சுனைத்தாயி.

கோமதிநாயகம் யோசித்தார். ஆமாம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"மாட்டேன் தாயி. கடைய விட்டு எறங்கியிருக்க மாட்டேன். அவர் பேச்சக் கேட்டுத்தான் எறங்குனேன்."

"அப்படியா," என்றாள்.

பிறகு முறத்தை எடுத்து அரிசி புடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவ்வளவுதானா? கோமதிநாயகத்துக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். தலைவர் இவருடைய தெருப் பேரே தெரியாதவர். அவர் இல்லாவிட்டால் இவர் நடந்திருக்கவும் மாட்டார். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வரும்போது ஒரு முடிச்சு இருந்தது. இப்போது இரண்டு.

*

வாசலில் செருப்பைக் கழற்றி வைக்கிற சத்தம் கேட்டது. உள்ளே வந்தவள் முப்பிடாதி. கோமதிநாயகத்தின் தெருக்காரி, பீடி சுற்றுகிறவள். இந்த மலைப்பக்கமே வராதவள்.

"இங்கயா இருக்கிய? ஊரு பூரா தேடியாச்சு," என்றாள்.

தெருவில் நாலு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. இன்றைக்குத்தான் குடிநீர் ஆபீசிலிருந்து ஆள் வந்திருக்கிறார். வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். குழாய் போட்டு எட்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு மேலே ரோடு போட்டு மூடிவிட்டார்கள். இடம் தெரியாமல் தோண்ட முடியாது, பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்கிறார்.

"வால்வு இருக்க எடம் உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்னு எல்லாரும் சொல்லுதாக."

தெரியாமல் என்ன? தோண்டியபோது இரண்டு பகலும் பக்கத்திலேயே நின்றவர் அவர்தான். மாடசாமி கோயில் முக்கு, மின்கம்பத்திலிருந்து ஏழு தப்படி.

"நான் எந்த முறையில வர? கட்சி கலைஞ்சு போச்சே, முப்பிடாதி. நீ யாருன்னு அந்த ஆள் கேட்டா நான் என்ன சொல்ல?"

முப்பிடாதி அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"கட்சி கெடக்கட்டும் அண்ணாச்சி. தண்ணி வரல."

கோமதிநாயகம் சுனைத்தாயியைப் பார்த்தார். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

எழுந்தார். மணி என்ன என்று கேட்டார். பதினொன்றரை. கடப்பாரை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வாசலைத் தாண்டினார். மின்கம்பம் ஒன்று இடம் மாறியதே, அது பழைய கம்பமா புதுக் கம்பமா என்று தனக்குள் கணக்குப் போட்டார். பழைய கம்பம்தான். பழைய கம்பத்திலிருந்து ஏழு தப்படி. சரிவில் விறுவிறுவென்று இறங்கினார். முப்பிடாதி பின்னால் ஏதோ கத்துவது கேட்டது. வந்து சேரட்டும் என்று நிற்காமல் போனார்.

அடிவாரத்தில் அவளுடைய மொபெட் நின்றது. அதன் பக்கத்தில் வந்து நின்றபோதுதான் கீழே பார்த்தார்.

காலில் செருப்பு.

பச்சை வார் போட்ட பொம்பளைச் செருப்பு. குதிகால் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெருவிரல் முன்னால் தொங்கியது.

எப்போது போட்டார்? யார் போடச் சொன்னது? பதினோரு வருஷம் காத்த கால் அது. தேர் ஓடிய நாளிலும், மகள் கல்யாணத்திலும் வெறுங்காலாக நின்ற கால். கழற்ற வேண்டும் என்று மனசு சொன்னது. கால் கேட்கவில்லை. யாரையோ ஏமாற்றிவிட்டது போல இருந்தது. யாரை என்றுதான் பிடிபடவில்லை.

பாறை மேலே சுனைத்தாயி முறத்தோடு வெளியே வந்து நின்றாள்.

"தாயி, சத்தியம் போச்சு," என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார். பிள்ளை மாதிரி அழுகை வந்தது.

"அத முப்பிடாதிகிட்டச் சொல்லுங்க அண்ணாச்சி," என்று மேலேயிருந்து பதில் வந்தது.

அவர் திரும்பினார்.

முப்பிடாதி அப்போதுதான் சரிவில் இறங்கி வந்து சேர்ந்தாள். காலில் தலைவருடைய செருப்பு. அது கழன்றுவிடாமல் இருக்க விரல்களை மடக்கி மடக்கி, தாங்கித் தாங்கி நடந்து வந்தாள்.

"என் செருப்ப மாட்டிட்டு வந்துட்டிய. கத்துதேன், காதுல வாங்கல," என்றாள். "வாசல்ல இதுதான் கெடந்துச்சு."

கோமதிநாயகம் அவள் காலைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

"முப்பிடாதி, என் சத்தியம்..."

"எந்தச் சத்தியம்?"

அவள் கேலி செய்யவில்லை. அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. வண்டியைக் கிளப்பிவிட்டு, பின்சீட்டைத் தட்டினாள்.

"ஏறுங்க அண்ணாச்சி. அந்த ஆளு போயிருவாரு."