கதாநாயகனை வெளுத்த கதை

கோமதிநாயகம் ஒரு குறும்படம் எடுத்தார். பணம் போட்டதும் அவர்தான், கதாநாயகனும் அவர்தான். எடுத்து முடித்த படம், காட்சிகளுக்கு நிறம் திருத்தும் எப்சிபாவிடம் வந்தது.

முதல் காட்சியைப் பார்த்ததுமே கோமதிநாயகத்தின் முகம் சுருங்கியது. "என்னம்மா, இவ்வளவு கருப்பா இருக்கேன்? நல்லா வெளுத்து விடு."

"சார், கதைப்படி நீங்க..."

"கதையை எனக்கே சொல்றியா? சொன்னதைச் செய். இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்குறேன். டைட்டில்ல உன் பேரும் இருக்காது."

எப்சிபா வேலையில் இறங்கினாள். ஒவ்வொரு ஷாட்டிலும் அவர் முகத்தை மட்டும் தனியாகப் பிடித்து, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆக்கினாள். வசன ஒலி இல்லாமல், படத்தை மட்டும் அவருக்கு ஓட்டிக் காட்டினாள். தன் முகத்தை மட்டுமே பார்த்துப் பூரித்துப்போன அவர், சொந்தபந்தம் அத்தனை பேரையும் பிரிவியூவுக்கு அழைத்துவிட்டார்.

படம் ஓடியது. பெண் கேட்டு வந்த நாயகனைப் பெண்ணின் அப்பா ஏற இறங்கப் பார்த்தார். "கரிக்கட்டை மாதிரி இருக்கே, உனக்கு என் பொண்ணு கேக்குதா?"

பளீரென்ற வெள்ளை முகத்தோடு நிமிர்ந்தார் நாயகன். "ஆமாய்யா, நான் கருப்புதான்! அதுக்கென்ன இப்போ?"

தியேட்டரே குலுங்கியது. முதலில் சிரித்தது கோமதிநாயகத்தின் மனைவி.

விளக்கைப் போடச் சொல்லிவிட்டு அவர் கத்தினார். "என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?"

"நீங்க சொன்னபடி முகத்தை வெளுத்துட்டேன் சார்," என்றாள் எப்சிபா. "வசனத்தை வெளுக்கத்தான் என் மெஷின்ல பட்டன் இல்ல."