வெயிலுமுத்து பார்க்காத ஃபைனல்

கோவில்பட்டியில் பிள்ளைக்குப் பேர் வைக்கும் முன்பே கையில் ஹாக்கி ஸ்டிக்கைக் கொடுத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் பண்ணுவார்கள். அபாண்டம். பேர் வைத்த பிறகுதான் கொடுப்போம். அப்படிப்பட்ட ஊரில், நான் அரை டவுசர் போட்ட காலத்திலிருந்து கப்பை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்த எங்கள் விடிவெள்ளி ஹாக்கி கிளப், போன வாரம் ஃபைனலில் ஜெயித்துவிட்டது. முதல் பாதியில் மூன்று கோல் வாங்கி, அடுத்த பாதியில் நான்கு கோல் திருப்பிப் போட்டு ஜெயித்தது. ஊரே தெருவில் ஆடியது, வெயிலுமுத்து அண்ணாச்சியைத் தவிர.

அதுதான் எங்களுக்குப் புரியவில்லை. விடிவெள்ளி ஆடிய ஒரு ஆட்டத்தையும் விட்டவரில்லை அவர். கல்யாணத்தன்று தாலி கட்டிய கையோடு, கழுத்து மாலையைக்கூடக் கழற்றாமல் வேலியோரம் வந்து நின்றவர்.

சுடலைமணி சலூனில், ஒரு கன்னத்தில் நுரையோடு அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் நானும், ரிட்டயர்ட் பி.டி. வாத்தியார் இஸ்ரவேலும், கிளப் செயலாளர் கொம்பையாவும். கொம்பையாவின் சட்டைப்பையில் ஞாயிற்றுக்கிழமை பாராட்டு ஆட்டத்துக்கான பாஸ். அன்றைக்குக் கப்பை நடு மைதானத்தில் வைப்பார்கள், பாஸ் உள்ளவர்கள் தொட்டுப் பார்க்கலாம். அண்ணாச்சி கண்ணாடி வழியாக அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ் தாரேன் வே," என்றார் கொம்பையா. "கப்பைத் தூக்குனப்ப ஒம்மை எங்க காணும்? அதைச் சொல்லும் முதல்ல."

அண்ணாச்சி பையிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னைக் காணும்ங்கதாலதான்வே கப்பே வந்துச்சு! என் கண்ணு அப்படி. சின்னப் பிள்ளையில ஒரு நாள், நம்மாளு அடிச்ச பந்து கோலுக்குள்ள உருண்டு போவுது. கோலி கீழ கெடக்கான், தடுக்க நாதியில்ல. நான் ஆசையா ஒரு பார்வை பாத்தேன். பந்து கோட்டு மேல நின்னுச்சு. என்னைத் திரும்பிப் பாத்துச்சு. வந்த வழியே போயிருச்சு."

"பந்துக்குக் கண்ணு எங்க வே இருக்கு?" என்றார் இஸ்ரவேல்.

"வெயிலுமுத்து பாத்தா எல்லாத்துக்கும் கண்ணு தொறக்கும். இந்த ஃபைனலும் அப்படித்தான். மூணு கோல் வாங்குனதும் புரிஞ்சு போச்சு, குத்தம் நம்ம கண்ணுலதான்னு. இடைவேளையில எந்திரிச்சு ஊரை விட்டே போவோம்னு பஸ் ஏறிட்டேன். எட்டயபுரம் தாண்டுதேன், வெடிச் சத்தம் கேக்கு. நமக்கு ஒரு கோல்! சரி, நாம தூரமாப் போகப் போகக் கோல் விழுதுன்னு கணக்குப் பிடிச்சுட்டேன். டிரைவர்ட்ட விஷயத்தைச் சொன்னேன். அவன் கண்ணுல தண்ணி. அங்க ஒரு வேகத்தடை இருக்குல்லா, அதுல ஏத்துனான் பாருங்க, பஸ் எந்திரிச்சு தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுலதான் கீழ எறங்குச்சு. ரெண்டாவது கோல்!"

"நடுவுல எறங்க வேண்டியவங்க?"

"ஜன்னல் வழியா அவங்கவங்க ஊரைப் பாத்துக்கிட்டாங்க. வாத்தியாரே, குறுக்க பேசாதீரும், ஆட்டம் முடியப் போவுது. வள்ளத்துல ஏறிக் கடலுக்குள்ள போனேன். மூணாவது கோல். சமம். இனிம எங்க போக? இலங்கைக்குப் போனா பாஸ்போர்ட் கேப்பான். குதிச்சுட்டேன்."

"நீச்சல் தெரியுமா ஒமக்கு?"

"முங்கத்தான்வே போறேன், அதுக்கு எதுக்கு நீச்சல்? அடி மண்ணுல போயி சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். மூச்சு முட்டுது. மேல வந்தா கப்பு போச்சு. இப்படி அடக்குனேன்…"

கன்னத்தை உப்பிக் காட்டினார். நுரை பறந்து, கத்தியோடு நின்ற சுடலைமணியின் சட்டையில் விழுந்தது.

"ஒரு சுறா வந்துச்சு. என் மூஞ்சியப் பாத்துச்சு. கடைசி நிமிஷம், பெனால்டி கார்னர்னு அதுக்கே வெளங்கிருச்சு போல, வாலைச் சுருட்டிக்கிட்டு பக்கத்துல உக்காந்துச்சு. அப்பம் கடலே கெடந்து ஆடுது! நம்மாளுக போட்ட வெடியில! நாலாவது கோல். சுறாவும் நானும் கட்டிப்பிடிச்சு அழுதோம்வே."

நாங்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம். கொம்பையா மட்டும் சிரிக்கவில்லை. ஃபைனலன்று ராசிக்காக, போன சீசனில் போட்ட கிழிந்த பனியனையே துவைக்காமல் போட்டு வந்த மனுஷன் அவர். யோசித்து யோசித்துத் தலையை ஆட்டினார்.

"சுறாவை விடும். அந்தக் கண்ணு விஷயம் சரிதான். நீரு இருந்தீரு, மூணு வாங்குனோம். நீரு போனீரு, நாலு போட்டோம். இத்தனை வருஷமும் நீரு பாத்தீரு, தோத்தோம்." பாஸை இன்னும் ஆழமாகப் பையில் அமுக்கினார். "ஞாயித்துக்கிழமை வந்துராதீரும். அடுத்த சீசனுக்கும் வர வேண்டாம். கிளப்புக்காக இந்த ஒத்தாசை பண்ணும்."

அண்ணாச்சியின் முகம் வெளுத்துவிட்டது. நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தே விட்டார். பாதிக் கன்னம் மழித்து, பாதிக் கன்னம் நரைத்துப் பரிதாபமாக நின்றார்.

"கொம்பையா, நான் கடலுக்கும் போகல, எங்கயும் போகலய்யா. மூணாவது கோல் விழுந்ததும், இவனுக இந்த ஜென்மத்துல ஜெயிக்க மாட்டானுகன்னு ஆத்திரத்துல வீட்டுக்குப் போயி, போர்வையை இழுத்து மூடிப் படுத்துட்டேன். வெடிச் சத்தம் கேட்டு ஓடியாந்தேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. காலமெல்லாம் காத்துக் கெடந்தவன், அந்த நாலு கோல்ல ஒண்ணுகூடப் பாக்கலய்யா. அந்தக் கப்பையாவது ஒரு தடவ தொட்டுக்கிடுதேன்."

கொம்பையா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"விடிவெள்ளி ஆடிக்கிட்டிருக்கப்ப, வெயிலுமுத்து பாதியில எந்திரிச்சுப் போயி வீட்டுல படுத்தான்னா?" என்றார். "பாஸுக்காக இப்படியா வே புளுகுவீரு? சுறாவையாவது ஊருக்குள்ள நாலு பேர் நம்புவான்."