கை படாத கார்புரேட்டர்

தென்காசி பூதலிங்கத்தின் பழைய பைக்கை வீட்டுப் பெண்கள் யாரும் தொடக்கூடாது. பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கு முதல் நாள் அது கிளம்ப மறுத்தது. கார்புரேட்டரில் அடைப்பு. அவரும் நண்பர்களும் கம்பியால் குத்திப் பார்த்தும் பலனில்லை.

"நான் சரி பண்ணட்டுமா, மாமா?" என்றாள் மருமகள் செங்கமலம்.

பூதலிங்கம் நண்பர்களைப் பார்த்துச் சிரித்தார். "உன் கை படாம சரி பண்ணு. நாளைக்கு வண்டியை நீயே ஓட்டு!"

"சரி மாமா. பெட்ரோலை நல்லா வடிச்சிட்டு கார்புரேட்டரை நீங்களே கழற்றுங்க."

கவரிங் நகைகளைச் சுத்தம் செய்ய வைத்திருந்த, ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் மெஷினை அவள் எடுத்துவந்தாள். அதிலிருந்த சோப்புத் தண்ணீரில் பாகங்களை அவரே போட்டார். அவள் சுவிட்சை மட்டும் அழுத்தினாள். மெஷின் ரீங்கரித்தது, ஊசித் துளைகளிலிருந்து அழுக்கு புகைபோலக் கிளம்பியது. அலசி, காற்றடித்து, அவரே திரும்ப மாட்டினார். ஒரே உதையில் வண்டி உறுமியது.

அவருக்கு ஒப்புக்கொள்ள மனமில்லை. "எல்லாம் மெஷின் பண்ணுச்சு. நீ என்ன பண்ணினே?"

"நீங்க எல்லாரும் கை வெச்சீங்க மாமா. நான் ஒருத்திதான் கை வைக்காம இருந்தேன்!"

நண்பர்கள் கைதட்டினார்கள். பூதலிங்கத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் செங்கமலம் வண்டி ஓட்ட, பின்சீட்டில் இருந்த பூதலிங்கம் வழியெல்லாம், "ஓட்டுறது என் மருமக!" என்று கத்திக்கொண்டே போனார்.