ஊ போட்டு விரட்டிய மேளம்

நெளியாற்றில் தண்ணீர் வற்றி மணல் மட்டும் மிஞ்சியதும், காட்டு மிருகங்கள் எல்லாம் அந்த மணலில் வந்து உட்கார்ந்துவிடும். கோடைக்கு ஒருமுறை அங்கே நடைமேளம் நடக்கும். ஒவ்வொரு இனமும் தன் வாத்தியத்தை வாசித்துக்கொண்டே, வரிசை கலையாமல், ஆற்றின் இந்த வளைவிலிருந்து அந்த வளைவு வரைக்கும் நடந்து காட்ட வேண்டும். மயில்கள் தோகையைச் சிலிர்த்து வாசிக்கும். குரங்குகள் காய்ந்த சுரைக்குடுக்கையைத் தட்டும். யானைகள் பிளிறிக்கொண்டு வந்தால் கேட்கவே வேண்டாம், கூட்டம் எழுந்து ஆடும்.

முள்ளம்பன்றிகள் வந்தால் மட்டும் கூட்டம் ஊ போடும்.

ஊ போடுவதற்கும் அங்கே ஒரு முறை இருந்தது. கூர்வாயன் என்ற நரி முதலில் மூக்கைத் தூக்கி ஊளையிடுவான். மற்றவை சேர்ந்துகொள்ளும். மேளக்காரர்கள் தாங்க முடியாமல் கிழக்குக் கரையின் சரிவில் ஏறி ஓட வேண்டும். கூட்டமும் விடாது. பின்னாலேயே ஏறி, கரைக்கு மேலே இருக்கும் ஆலமரம் வரைக்கும் விரட்டிவிட்டுத்தான் திரும்பும். அப்படி விரட்டப்பட்ட மேளம் அப்புறம் ஒருநாளும் மணலில் கால் வைக்கக் கூடாது. தவளைகள் அப்படித்தான் போயின. காட்டுக்கோழிகளும் போயின. நடைமேளத்திலேயே அந்த விரட்டல்தான் ருசி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அடுத்தவர் மானம் போவதைப் பார்க்க எத்தனை சுகம் பாருங்கள்!

முள்ளம்பன்றி மேளத்தின் தலைவி பெயர் சலங்கை. முள்ளம்பன்றியின் வால் முள் மற்ற முள்ளைப் போல இல்லை. உள்ளே கூடாக இருக்கும். அதை உதறினால் கலகலவென்று சத்தம் வரும். அதுதான் அவர்கள் வாத்தியம். சலங்கை வருஷம் முழுக்கத் தன் கூட்டத்தை வளைக்குள் நிறுத்திப் பழக்குவாள். ஒரு தட்டு தட்டினால் நில். விடாமல் உதறினால் என் பின்னால் வா. இப்படி அவர்களுக்குள் சைகைகள் இருந்தன.

இந்த ஒரு நாளை அவள் உயிராக நினைத்தாள். மற்ற நாளெல்லாம் முள்ளம்பன்றி வருகிறது என்றாலே மிருகங்கள் ஒதுங்கிப் போகும். இந்த ஒரு நாள்தான் எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்க்கும். போன கோடையில் ஊ பலமாக விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எப்படியோ அந்த வளைவைத் தொட்டுவிட்டார்கள். இந்தக் கோடையிலும் விழுந்தால் தாங்குமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அக்கா, கூர்வாயன் முன்வரிசையில உக்காந்திருக்கான்" என்றான் அவள் தம்பி முடுக்கன்.

"உக்காரட்டும். அவனைப் பாக்காதே. எனக்குப் பின்னால நடக்கறவன் என் வாலைத்தான் பாக்கணும்."

முன்வரிசையில் இன்னொருவரும் இருந்தார். புள்ளியப்பர் என்ற கட்டாமை, தரையிலேயே வாழும் ஆமை. நடைமேளத்துக்கு எல்லோருக்கும் முன்னால் கிளம்பி, எல்லோருக்கும் கடைசியாக வந்து சேருகிறவர். ஒருநாளும் ஊ போட்டதில்லை. முள்ளம்பன்றிகள் வாசித்தால் ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டித் தாளத்துக்குத் தகுந்தாற்போல ஆட்டுவார். அவர்கள் சைகைகள்கூட அவருக்கு மனப்பாடம். சலங்கை அவரைப் பார்த்துக்கொண்டேதான் வாலை உதறினாள்.

வெயில் தாழ்ந்திருந்தது. மேளம் நகர்ந்தது. கலகல, கலகல என்று வரிசை பிசகாமல் பாதி மணல் வரைக்கும் வந்துவிட்டார்கள். கூர்வாயன் கொட்டாவி விட்டான். ஊ இன்னும் விழவில்லை. சலங்கைக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பாதியில் ஒரு மௌனம் வைத்திருந்தாள் அவள். எல்லா வாலும் ஒரே நேரத்தில் அடங்க வேண்டும். அடங்கின. ஆனால் அவள் வால் முள் மட்டும் தானாக முணுமுணுத்தது.

அவள் வாலை இறுக்கினாள். அப்போதும் முணுமுணுத்தது. திரும்பிப் பார்த்தாள். முடுக்கன் அசையாமல் நின்றான், அவன் முள்ளும் நடுங்கிக்கொண்டிருந்தது.

 வளைக்கு மேலே யானைக் கூட்டம் நடந்தால் முள் இப்படி நடுங்கும். ஆனால் யானைகள் எல்லாம் இதோ எதிரே உட்கார்ந்திருந்தன. நடுக்கம் வடக்கே இருந்து, மணலுக்கு அடியில் வந்தது. தலைக்கு மேலே வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. தூரத்தில் மலை உச்சியில் மட்டும் கறுப்பாக ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது.

மலையில் மழை பெய்திருக்கிறது. காட்டாறு வந்துகொண்டிருக்கிறது.

நின்றால் ஊ விழும். நிற்காமல் நடந்தால் அந்த வளைவைத் தொட்டுவிடலாம். வெள்ளம் என்பது தன் பிரமையாக இருந்தால்? வருஷம் முழுக்கப் பழகியது வீண். இந்த மணலும் கைவிட்டுப் போய்விடும். அவள் ஒரு கணம் தடுமாறினாள். முன்வரிசையில் மான்குட்டிகள் மணலில் புரண்டுகொண்டிருந்தன. அவள் ஒரு தட்டு தட்டினாள். மேளம் நின்றது.

"தண்ணி வருது! எல்லாரும் கரையேறுங்க!" என்று கத்தினாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் கூர்வாயன் மூக்கைத் தூக்கிவிட்டான்.

"ஊஊஊ!"

"ஊஊஊ!" என்று ஆற்றங்கரையே அதிர்ந்தது.

சலங்கை நரியின் அருகே ஓடினாள். "கூர்வாயா, சத்தியமாச் சொல்றேன், வெள்ளம் வருது. நிறுத்தச் சொல்லு."

"வெள்ளமா?" அவன் வானத்தைப் பார்த்துச் சிரித்தான். "ஒரு பொட்டு மேகம் இல்லை. வாசிக்கத் தெரியாம நின்னுட்டு, சாக்கு வேறயா?"

"என் முள்ளு சொல்லுது."

"உன் முள்ளு சொல்றதைத்தான் இவ்வளவு நேரமாக் கேட்டோமே! சகிக்கலை. இங்க பாரு சலங்கை, நான் கெட்டவன் இல்லை. ஊ போடாம விட்டா நல்ல மேளமும் நாராச மேளமும் ஒண்ணாயிடும். அதுக்குத்தான் போடறேன்."

அவன் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சொல்லி முடித்ததும் அவள் பதிலைக் கேட்கவில்லை. மறுபடி மூக்கைத் தூக்கிக்கொண்டான். அவள் யானையிடம் கத்தினாள். காட்டெருமையிடம் கத்தினாள். அவள் வாய் அசைவது தெரிந்ததே தவிர ஒரு சொல்லும் யார் காதிலும் ஏறவில்லை.

முள் நடுக்கம் இப்போது உடம்புக்கே வந்துவிட்டது.

"அக்கா, நாம கரையேறிடலாம். சொல்லியாச்சு, கேக்கலை. நாம என்ன பண்ண முடியும்?" என்றான் முடுக்கன்.

சலங்கை கிழக்குக் கரையின் சரிவைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். பளிச்சென்று ஒன்று தோன்றியது. தம்பி பக்கம் திரும்பினாள்.

"முடுக்கா, எல்லாரையும் கேவலமா வாசிக்கச் சொல்லு. எவ்வளவு கேவலமா முடியுமோ அவ்வளவு."

"என்னக்கா சொல்றே? விரட்டிடுவாங்க!"

"விரட்டட்டும். அப்பத்தான் பின்னாலயே ஏறுவாங்க."

"அப்புறம் இந்த மணல்ல நாம காலே வைக்க முடியாதே!"

"மணல்தானே? அது போனாப் போகட்டும்."

முடுக்கன் அழுதுகொண்டே திரும்பிச் சொன்னான். அப்புறம் அந்த மணலில் கேட்ட சத்தத்தை என்னவென்று சொல்வது! ஒருவன் கிழக்கே போனான், ஒருத்தி மேற்கே போனாள். ஒருவன் பன்றி போலவே உறுமினான். சலங்கை பின்பக்கத்தைக் கூட்டத்துக்குக் காட்டி, வாலை ஆட்டி, "உங்க காதுக்கு இதுவே அதிகம்!" என்று பழித்துக் காட்டினாள்.

அவ்வளவுதான். யானை எழுந்தது. காட்டெருமை எழுந்தது. குட்டிகளை இழுத்துக்கொண்டு மான்கள் எழுந்தன. கூர்வாயன் முன்னால் பாய்ந்தான்.

"விடாதீங்க! ஆலமரம் வரைக்கும் விரட்டுங்க!"

முள்ளம்பன்றிகள் சரிவில் ஏறின. கூட்டம் ஊ போட்டுக்கொண்டே பின்னால் ஏறியது. கல் உருண்டது, மண் சரிந்தது. சலங்கைக்கு மூச்சு முட்டியது. ஆனாலும் அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். குரங்குகள் வந்துவிட்டன. மயில்கள் பறந்து வந்துவிட்டன. மான்குட்டிகளில் கடைசிக் குட்டியும் வந்துவிட்டது. ஆலமரத்தடியில் நின்று அவள் மணலைப் பார்த்தாள்.

முன்வரிசையில் புள்ளியப்பர் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஊ போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அதனால் விரட்டுகிற பழக்கமும் இல்லை. அவளுக்குப் பிடித்த ஒரே ரசிகரை அவளே வெள்ளம் வரும் வழியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கட்டாமைக்கு நீந்தவும் வராது.

"பெரியவரே! ஏறி வாங்க!"

"ஊஊஊ!" என்றது கூட்டம்.

அவள் வாலை உதறினாள். என் பின்னால் வா, என் பின்னால் வா. முடுக்கனும் உதறினான், எல்லோரும் உதறினார்கள். ஊ அதையும் விழுங்கிவிட்டது. கீழே கிழவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். என்ன தாளம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

சலங்கைக்கு வந்ததே கோபம்! இதுவரைக்கும் வராத கோபம். கூர்வாயன் முன்னால் போய் நின்று, உடம்பு முள் அத்தனையும் சிலிர்த்துக்கொண்டு, அவன் மூக்குக்கு மயிரிழை தூரத்தில் நீட்டினாள்.

"வாயை மூடு. ஒரே ஒரு கணம் மூடு. மூடிட்டுக் கேளு."

நரி பயந்து வாயை மூடினான். அவன் வாய் மூடியதும் பக்கத்தில் இருந்தவை மூடின. அவற்றைப் பார்த்து மற்றவையும் மூடின. ஆலமரத்தடியில் ஓசை அடங்கியது.

அப்போது எல்லோருக்கும் கேட்டது. வடக்கே மரங்கள் முறிந்தன. பாறை பாறையோடு மோதியது. அதற்குப் பின்னால் ஓயாத ஓர் இரைச்சல்.

 சலங்கை மட்டும் வாலை உதறினாள். மேளம் அவளோடு சேர்ந்தது. என் பின்னால் வா, என் பின்னால் வா. கீழே புள்ளியப்பர் சட்டென்று தலையைத் தூக்கினார். இந்த முறை தாளம் பிடிபட்டுவிட்டது. எழுந்தார், திரும்பினார், நடந்தார். தாளத்துக்கு ஓர் அடியாக நடந்தார். அவள் தாளத்தை முடுக்கினாள். அவரும் தன்னால் ஆனவரைக்கும் முடுக்கினார். ஆமையின் முடுக்கு எவ்வளவு இருக்கும்?

வளைவில் தண்ணீர் தெரிந்துவிட்டது. செம்மண் நிறத்தில், மரக்கட்டைகளைப் புரட்டிக்கொண்டு வந்தது.

புள்ளியப்பர் சரிவின் அடிக்கு வந்தார். ஏறினார், வழுக்கினார். மறுபடி ஏறினார், மறுபடி வழுக்கினார். சலங்கை கால் எடுத்து வைத்தாள். அதற்குள் அவளைத் தாண்டி ஒருவன் கீழே பாய்ந்தான். கூர்வாயன். ஆமையின் ஓட்டுக்குப் பின்னால் தலையைக் கொடுத்து முட்டினான். "ஏறும், ஏறும் ஐயா!" என்று உறுமிக்கொண்டே முட்டினான். வெள்ளம் வந்து அவன் பின்னங்காலை அடித்தது. அவன் ஒரு வேரைக் கடித்துக்கொண்டான். மேலே தாளம் நிற்கவில்லை. கிழவர் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று மேலே வந்து விழுந்தார். பின்னாலேயே நரியும் சொட்டச் சொட்ட வந்து விழுந்தான்.

அவர்கள் உட்கார்ந்திருந்த மணல் இப்போது இல்லை. ஆறுதான் இருந்தது.

வெகுநேரம் கழித்துக் காட்டெருமை தயங்கித் தயங்கிக் கேட்டது. "வழக்கப்படி பாத்தா, விரட்டின மேளம் இனிமே வாசிக்கக் கூடாது. என்ன செய்யறது?"

புள்ளியப்பர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "யாருப்பா விரட்டினது? அவங்க முன்னால நடந்தாங்க. நீங்க எல்லாரும் பின்னால வந்தீங்க. மேளம்னா அதுதானே?"

 கூர்வாயன் காதைத் தாழ்த்திக்கொண்டு சலங்கையிடம் வந்தான்.

"தப்புப் பண்ணிட்டேன். ஆனா ஒண்ணு, பொய் சொல்ல மாட்டேன். உங்க மேளம் எனக்குப் பிடிக்கலை. நின்னதுக்கு முன்னாடி வாசிச்சதும் பிடிக்கலை."

முடுக்கன் முறைத்தான். சலங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பிடிக்கணும்னு யாரு சொன்னா? முழுசாக் கேளு. முடிஞ்சதும் என்கிட்ட வந்து சொல்லு. நானும் உக்காந்து கேக்கறேன்."

அடுத்த கோடையில் ஆறு வற்றி, புது மணல் விழுந்தது. முள்ளம்பன்றிகள் இந்த வளைவிலிருந்து அந்த வளைவு வரைக்கும் வாசித்துக்கொண்டே நடந்தன. கூர்வாயன் முன்வரிசையில் புள்ளியப்பருக்குப் பக்கத்தில் தாடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் நேரே சலங்கையிடம் போய், "நடுவுல ரொம்ப இழுக்கறீங்க" என்றான். அவள் இல்லை என்றாள். இருட்டும்வரை இருவரும் வாதாடினார்கள். அந்தக் கோடையில் தவளைகளும் திரும்பி வந்திருந்தன.

பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று கேட்டு முடித்த பிறகு சொல்லலாம். நடுவிலே கூச்சல் போட்டு அடுத்தவர் வாயை அடைக்கப் பார்க்கிறவர் முதலில் தன் காதைத்தான் அடைத்துக்கொள்கிறார்.