போட்டோவில் இருந்தபடியே

கீழச்சுண்டங்குளத்தில் புத்திக்கு ஒருநாளும் பஞ்சம் வந்தது கிடையாது. ஒரு காரியத்துக்கு ஒரு யோசனை போதும் என்றால் மூன்றைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். அந்த ஊர் மாவு மில் மாடியில் இசக்கிராஜா, ஜெபஸ்டின், பூல்பாண்டி என்ற மூன்று பேர் கூட்டாக ஒரு கம்ப்யூட்டர் வைத்துக் கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. துப்பாக்கியை அழுத்திவிட்டுக் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தால், அப்போதுதான் குண்டு கிளம்பிக்கொண்டிருக்கும். போன வருஷம் மேலச்சுண்டங்குளத்துக்காரர்களோடு நடந்த போட்டியில், ஜெயிக்கிற நேரம் பார்த்துத் திரை அப்படியே நின்றுவிட்டது. அந்த ஊர் கேப்டன் தர்மக்கண் பஸ் ஸ்டாண்டில் எல்லாருக்கும் முன்னால் சிரித்தான். இசக்கிராஜாவுக்கு ரோஷம் வந்து, அடுத்த போட்டியில் தோற்றால் மீசையை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டான். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே விளங்கியது.

அது சாதாரண மீசை இல்லை. அவன் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் மேலுதட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. விளக்கெண்ணெய் தடவித் தடவி, அந்த வம்சத்தில் முதன்முதலாக இசக்கிராஜாதான் முளைக்க வைத்திருந்தான். அது போய்விடும் என்று நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷப் போட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேரும் பையைத் தட்டிப் பார்த்ததில், பழைய சாமான் ஒன்று வாங்கத்தான் வழி இருந்தது. டவுனில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஆரோக்கியதாஸ் அண்ணாச்சியிடம் போனார்கள். அவர் பொறுமைசாலி. அந்தப் பொறுமை அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்டது.

“இந்தக் காசுக்கு ஒரு ரேம்தான் வரும். அது போதும், வேகம் கூடும்” என்றார். “தூசியெல்லாம் சுத்தமாத் துடைங்க. உள்ள இருக்க சாமானைத் தொடுறதுக்கு முன்னாடி இரும்பைத் தொட்டுக்கிடுங்க, உடம்புல உள்ள கரண்ட் இறங்கிரும். முக்கியமா, கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கிடுங்க. திருப்பி மாட்டும்போது போட்டோல இருக்க மாதிரியே இருக்கணும்.”

மூன்று பேரும் ரேமை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரும்போதே அதை மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

வந்ததும் முதல் வேலையாகப் போட்டோ. பெட்டி மூடியபடி மேஜைமேல் இருந்தது. ஒரு பக்கம் இசக்கிராஜா மீசையைச் சீவிக்கொண்டு நின்றான். மறுபக்கம் பூல்பாண்டி சிவப்பு பனியனோடு நின்றான். ஜெபஸ்டின் கையை நீட்டித் தன்னையும் சேர்த்து எடுத்தான். படம் நன்றாக வந்திருந்தது.

பிறகு அதை எங்கே பத்திரமாக வைப்பது என்று பேச்சு வந்தது. ஜெபஸ்டின் ஏற்கெனவே கோயில் கொடைத் திருவிழாவில் ஒரு போனைத் தொலைத்தவன். அவன் போனை நம்ப அவனுக்கே மனம் வரவில்லை.

“நம்ம கம்ப்யூட்டர் என்னைக்காவது தொலைஞ்சிருக்கால?” என்று கேட்டான் இசக்கிராஜா.

தொலைந்ததில்லை. வாங்கின நாளிலிருந்து அது அந்த அறையை விட்டு வெளியே போனதில்லை. ஆகவே போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, போனில் இருந்ததை அழித்தார்கள்.

அடுத்தது இரும்பு. அறையில் இருந்த ஒரே இரும்பு ஜன்னல் கம்பி. ஜன்னல் ஒரு மூலை, மேஜை மறு மூலை. மேஜையை நகர்த்தினால் போட்டோ மாதிரி இருக்காது. எனவே ஜெபஸ்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான், அவன் கையைப் பூல்பாண்டி பிடித்துக்கொண்டான். அதற்குமேல் இசக்கிராஜாவுக்கு எட்டவில்லை. கீழே மில்லில் மிளகாய் அரைக்க வந்து காத்திருந்த செல்லக்கனி அக்காவைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள்.

எதற்கு என்று அக்கா கேட்டாள். கரண்ட் இறங்க வேண்டும் என்றான் பூல்பாண்டி. அவள் வீட்டில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை என்றும், இறங்குகிற கரண்டில் கொஞ்சம் அந்தப் பக்கம் அனுப்பினால் உதவியாக இருக்கும் என்றும் சொல்லிவிட்டு அக்கா அசையாமல் நின்றாள்.

இசக்கிராஜாவுக்கு மிஞ்சியது ஒரே கை. அந்தக் கையில் திருப்புளி. எல்லாச் சாமானையும் துடைக்கச் சொல்லியிருந்ததால் எல்லாவற்றையும் கழற்றினான். பொழுது சாய்ந்தபோது கம்ப்யூட்டர் முழுவதும் போர்வைமேல் பரவிக் கிடந்தது. பூல்பாண்டி தூசியைக் கூட்டி எடுத்து, யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று பொட்டலம் கட்டி வைத்தான்.

“சரி, போட்டோவ எடுல, பாத்து மாட்டுவோம்” என்றான் இசக்கிராஜா.

“அது கம்ப்யூட்டர்லலா இருக்கு” என்றான் ஜெபஸ்டின்.

மூவரும் போர்வையைப் பார்த்தார்கள்.

“அப்போ முதல்ல கம்ப்யூட்டர மாட்டு. பெறகு போட்டோவப் பாப்போம்.”

“மாட்டிட்டா போட்டோ எதுக்குல?”

பூல்பாண்டி நெடுநேரம் யோசித்தான். “சரியா மாட்டிருக்கோமான்னு பாக்கதுக்கு” என்றான்.

அதில் ஏதோ குறை இருப்பதுபோல இசக்கிராஜாவுக்குப் பட்டது. ஆனால் எது என்று பிடிபடவில்லை. மீசையைத் தடவிக்கொண்டான்.

மறுநாள், போட்டோ எந்தச் சாமானுக்குள் இருக்கிறது என்று தெரியாததால் எல்லாவற்றையும் அரிசிச் சாக்கில் கட்டி அண்ணாச்சி கடைக்குத் தூக்கிப் போனார்கள். அவர் ஹார்டு டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் படத்தைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

“பெட்டி மூடியிருக்கே தம்பி.”

“திறந்தா கை வச்ச மாதிரி ஆயிரும்லா அண்ணாச்சி” என்றான் ஜெபஸ்டின்.

அண்ணாச்சி திருப்புளியைக் கையில் எடுத்தார். சாக்கை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், காசு எதுவும் வேண்டாம், சாயங்காலத்துக்குள் நானே மாட்டித் தந்துவிடுகிறேன் என்றார். மூவரும் ஓரமாகப் போய்க் கூடிப் பேசினார்கள். பிறகு இசக்கிராஜா மிகவும் வருத்தத்தோடு திரும்பி வந்தான்.

“நீங்க போட்டோல இல்லையே அண்ணாச்சி.”

ரேமும் போட்டோவில் இல்லை. அதனால் அதையும் திருப்பிக் கொடுத்து, அந்தக் காசில் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமானையெல்லாம் பெட்டிக்குள் அள்ளிப் போட்டு, அமுக்கி, மூடியை முடுக்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் படத்தில் இருப்பதேதான். படத்தில் பெட்டியின் தலையில் தூசி இருந்தது. பூல்பாண்டி பொட்டலத்தைப் பிரித்து ஒரே சீராகத் தூவினான். சிவப்பு பனியனைத் துவைக்கப் போட்டிருந்ததால் அதை ஈரத்தோடு மாட்டிக்கொண்டான். மூன்று பேரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். இசக்கிராஜா சுவிட்சைப் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை.

ஜெபஸ்டின் சட்டத்தை எடுத்து ஓரம் ஓரமாகப் பார்த்தான். பிறகு சுவரைக் காட்டினான்.

“பல்லியக் காணோம்.”

உண்மைதான். படத்தில் சுவரின்மேல் ஒரு பல்லி இருந்தது. சுவரில் இல்லை. அது வரட்டும் என்று காத்திருந்தார்கள். போட்டி நேரம் வந்தது, போயும்விட்டது. மேலச்சுண்டங்குளம் ஒரு குண்டும் சுடாமல் ஜெயித்தது.

தர்மக்கண் சாயங்காலம் பைக்கில் வந்து இறங்கினான். சட்டைப்பையில் புது பிளேடு வைத்திருந்தான். சொன்ன சொல் சொல்தான் என்று இசக்கிராஜா நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணீர் மீசையில் இறங்கியது.

“கொஞ்சம் நில்லுங்க” என்றான் ஜெபஸ்டின். சட்டத்தைக் கொண்டுவந்து தர்மக்கண் முன்னால் பிடித்தான். “இதுல அவனுக்கு மீசை இருக்கு. எடுத்துட்டா எங்க கம்ப்யூட்டர் எந்தக் காலத்துலயும் ஓடாது. பந்தயம் மீசைக்குத்தான, கம்ப்யூட்டருக்கு இல்லையே.”

வேறு ஊர்க்காரனாக இருந்தால் ஏதாவது பேசியிருப்பான். தர்மக்கண் குடித்ததும் அதே குளத்துத் தண்ணீர்தான். படத்தையும் மீசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டான். முதலில் கம்ப்யூட்டர் ஓடட்டும், மீசையைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அது சீக்கிரம் ஓட வேண்டுமென்று அவன்தான் மற்ற எல்லாரையும்விட மும்முரமாகப் பல்லியைத் தேடினான். டியூப் லைட்டுக்குப் பின்னால் இருப்பதைக் கண்டுபிடித்துப் பாய்ந்து பிடித்தும்விட்டான். பல்லி ஓடிவிட்டது, வால் மட்டும் கையில் துள்ளியது. நால்வரும் படத்தைப் பார்த்தார்கள். படத்தில் பல்லிக்கு வால் முழுசாக இருந்தது.

வால் வளரட்டும் என்று இப்போது காத்திருக்கிறார்கள். ஆனால் வாலைவிட மீசை வேகமாக வளர்கிறது, அது படத்தைத் தாண்டிவிடக் கூடாதே. அதனால் மீசை கொஞ்சம் மீறினாலும் தர்மக்கண் தன் கைக்காசில் இசக்கிராஜாவை சலூனுக்குக் கூட்டிப் போகிறான். கண்ணாடிச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். கத்தரி சற்று ஆழமாகப் போனால் பதறி எழுந்துவிடுவான்.

“பாத்து வெட்டுங்கண்ணே” என்பான். “மழிக்க வேண்டிய மீசை.”