தோள் இறக்காத முள்ளங்கி

செடிகொடிகளுக்கெல்லாம் வாய் இருந்த காலம் அது. வாய்க்குக் குறைச்சலே இல்லை. வேலைக்குத்தான் ஆள் கிடையாது.

மலைச்சரிவில் வெள்ளச்சி என்று ஒருத்தி தனியாளாகச் சாமை பயிரிட்டு வந்தாள். அறுத்த பிறகு நிலம் வெறுமனே கிடக்கும். அந்த நேரம் பார்த்து அடைமழை பிடித்து, மண்ணின் சத்தையெல்லாம் பள்ளத்துக்கு அடித்துக்கொண்டு போகும். வருஷா வருஷம் விளைச்சல் குறைந்தது. இந்த மழையிலும் சத்து போனால் அவள் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான்.

"மழை முடியும்வரை யாராவது என் மண்ணைப் பிடித்துக்கொள்ளுங்களேன்" என்று கெஞ்சினாள்.

"இப்போதுதானே விளைந்து முடித்தேன், இடுப்பு ஒடிகிறது" என்றது சாமை. "பந்தல் போட்டால் வருகிறேன்" என்றது அவரை. கொழுப்பைப் பாருங்கள்!

"நான் நிற்கிறேன் தாயி" என்றது ஒரு குரல். மாட்டுக்குப் போடுகிற முள்ளங்கி. சொரசொரத்த இலை, குழம்புக்கு ஆகாத கிழங்கு. மற்றச் செடிகள் விழுந்து விழுந்து சிரித்தன.

விதைத்த நான்காம் நாளே அது முளைத்தது. மழை கொட்டக் கொட்ட வேரை ஆழமாக இறக்கி, ஓடப்பார்த்த சத்தையெல்லாம் உறிஞ்சி இலையில் வைத்துக்கொண்டது. மழை ஓய்ந்தபோது சரிவு முழுக்க வெள்ளைப் பூ.

"இனி என்னை மடக்கி உழுதுவிடு தாயி" என்றது முள்ளங்கி.

வெள்ளச்சி பதறிப்போனாள். பூத்த செடியில் இரும்பு படக்கூடாது என்பது அவர்கள் ஊர்க்கட்டு. "ஐயோ, காப்பாற்றிய உன்னையே கொல்லச் சொல்கிறாயா? காய்த்து முடி, பிறகு பார்க்கலாம்."

"காய்த்தால் சேர்த்ததெல்லாம் விதைக்குப் போய்விடும். அப்புறம் உன் சாமை எதைத் தின்னும்? வரப்போரம் ஒரே ஒரு வரிசையை விட்டுவை. நான் செய்ததை என் பிள்ளைகள் பார்க்கட்டும்."

வெள்ளச்சி வரப்போர வரிசையை மட்டும் விட்டுவிட்டு, அழுதுகொண்டே ஏர் பூட்டினாள். பூவோடும் இலையோடும் முள்ளங்கி மண்ணுக்குள் போய் மக்கியது.

அடுத்த சாமை இடுப்பளவு வளர்ந்து, கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்தது. வெள்ளச்சி மலையை விட்டு இறங்கவில்லை. வரப்போரம் உதிர்ந்த விதையில் முளைத்த பிள்ளை முள்ளங்கிகள் மண்ணுக்கு மேலே கிழங்கின் தோளை உயர்த்தி எட்டிப் பார்த்தன. "அந்தக் கதிரில் இருப்பது எங்கள் அம்மா!" என்று கத்தின.

அன்று தொட்டுத்தான் மாட்டு முள்ளங்கியைப் பூவிலேயே மடக்கி உழுகிறார்கள், வரப்பில் ஒரு வரிசையை விடுகிறார்கள். பேசின வாய் எப்போதோ போய்விட்டது. உயர்த்திய தோளை மட்டும் முள்ளங்கி இன்றுவரை இறக்கவில்லை.