ஆவணநல்லூருக்கு அருகில்

"ஒரே ஒரு சொல்லால் புத்தகம் நின்றுபோயிருக்கிறது, அம்மா," என்றார் வைத்தமாநிதி.

அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

குன்றடியில் அவள் ஆசிரமம் தொடங்கிப் பதினெட்டு வருஷம். வைத்தமாநிதி வந்து இரண்டு வருஷம். அதற்கு முன் மெட்ராஸில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் முப்பத்தெட்டு வருஷம் புரூஃப் திருத்தியவர். அவளைவிடப் பதினேழு வயது மூத்தவர். தினமும் காலையில் அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். தன்னைச் சீடனாக ஏற்கும்படி கேட்பார்.

"முதல்ல அந்தப் புத்தகத்தை முடிங்க ஐயா," என்பாள்.

அது அவளைப் பற்றிய புத்தகம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்காக ஆங்கிலத்தில்.

"என்ன சொல்?" என்றாள்.

"முதல் வரி. நீங்கள் பிறந்தது 'ஆவணநல்லூர் காலனி' என்று அச்சகத்துக்காரர் போட்டிருக்கிறார். அதுவும் காலனிக்குப் பெரிய எழுத்து. நான் அதைச் சின்னதாக்கினேன். பிறகு மொத்தமாக அடித்துவிட்டேன்."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பெரிய எழுத்து யாருக்கு?"

"பெயர் உள்ள இடத்துக்கு."

"இந்தக் குன்றுக்கு?"

"பெரிய எழுத்து. நீங்கள் இருக்கிறீர்களே."

"நான் வர்றதுக்கு முன்னாடி?"

"சின்னது."

"நான் செத்துட்டா?"

"பெரிதாகவே இருக்கட்டும்," என்றார் அவசரமாக.

அம்மா சிரித்தாள். "காலனிக்கு?"

"அது பெயரே இல்லை, அம்மா. எல்லா ஊருக்கும் வெளியே ஒன்று இருக்கிறது. சுடுகாடு, குப்பைமேடு மாதிரி. உங்களைப் போய் அங்கே பிறந்ததாக யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆவணநல்லூர் என்று மட்டும் இருக்கட்டுமா?"

அம்மா கீரைக் காம்புகளை முறத்தில் ஒதுக்கினாள். எழுந்து குடையை எடுத்துக்கொண்டாள்.

"புரூஃபை எடுத்துக்கிட்டு வாங்க. பஸ் வந்துரும்."

இரண்டு மணி நேரப் பயணம்.

ஆவணநல்லூரில் சிமென்ட் வளைவு இருந்தது. வளைவில் ஊர்ப்பெயர், கட்டிக்கொடுத்தவர் பெயர், அவருடைய தகப்பனார் பெயர். அம்மா அதன் வழியாகப் போகவில்லை. வெளியே வலப்பக்கம் திரும்பி, வாய்க்கால் மதகைத் தாண்டினாள்.

அந்தப் பக்கம் வீடுகள் நெருக்கமாக இருந்தன. பலகை எதுவும் இல்லை.

குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். அறுபது வயதிருக்கும்.

"அடியே பச்சைக்கிளி! ஆத்தா கருமாதிக்கு வந்தவ. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"பஸ் கிடைக்கலக்கா."

"ஏழு வருஷமாவா?"

"எங்க அக்கா, செல்லக்கிளி," என்றாள் அம்மா வைத்தமாநிதியிடம். "அந்த நீல வீட்டுலதான் நான் பொறந்தேன். அப்ப கூரை வீடு. அச்சகத்துக்காரர்கிட்ட நான்தான் சொன்னேன்."

வைத்தமாநிதி மதகின் மேல் உட்கார்ந்தார். உட்கார வேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை.

காலையில் தொட்ட கால் அவருக்கு நேரே இருந்தது. செருப்பில் செம்மண். அவருடைய வலது கை மடியில் கிடந்த துண்டில் தன் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தது. அதை அவர் பார்த்தார். கையை நிறுத்தினார்.

அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"என்னடி, உன் ஆளுக்கு மயக்கமா?" என்றாள் செல்லக்கிளி.

"வெயில்," என்றாள் அம்மா.

வைத்தமாநிதிக்கு ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது.

"இந்த இடத்துக்குப் பெயர் என்ன?" என்று செல்லக்கிளியைக் கேட்டார்.

"காலனி."

"அது ஊர்க்காரர்கள் சொல்வது. நீங்கள் என்ன சொல்வீர்கள்?"

"வீட்டுக்குப் போறேம்பேன். வேற என்ன சொல்றது? சாமி உங்க வீட்டுக்குப் போறப்ப பேர் சொல்லிட்டா போவீங்க?"

அவர் புரூஃபைப் பிரித்தார். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம் கைகொடுத்தது. அடித்த இடத்தின் மேல் ஒரு சொல்லை எழுதினார். தள்ளிப் பிடித்துப் படித்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அம்மா, சரியாகிவிட்டது. 'ஆவணநல்லூருக்கு அருகில் பிறந்தார்.' பொய் இல்லை. யாருக்கும் உறுத்தாது. பத்திரிகையில் எத்தனையோ பேருக்கு இப்படித்தான் போட்டிருக்கிறோம்."

"என்னடி சொல்றாரு?"

"நான் ஆவணநல்லூருக்குப் பக்கத்துல பொறந்தேனாம்."

செல்லக்கிளி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, கண்ணில் நீர் வந்தது. ஈரக் கையால் துடைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு பக்கம் ஐயா?" என்றாள் அம்மா.

வைத்தமாநிதி திரும்பிப் பார்த்தார். வளைவு தெரிந்தது. அதில் எழுதியிருந்ததைக்கூடப் படிக்க முடிந்தது.

"நூறடி இருக்கும்."

"இவ அந்த நூறடியை அறுபது வருஷமாப் பார்த்துக்கிட்டு இருக்கா."

வைத்தமாநிதி தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

"புத்தகம் முடிந்துவிட்டது, அம்மா. என்னை ஏற்பதாகச் சொன்னீர்கள்."

"ஏத்துக்கிட்டேன்."

அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"குன்றுக்கு இனி வர வேணாம். அக்கா வீட்டுல இருங்க."

"இங்கேயா?"

"இங்கதான்."

"எத்தனை நாள்?"

"ஒரு வீடு இருக்கு, ஒரு கயித்துக் கட்டில் இருக்கு. நாளை எதுக்கு எண்ணணும்?"

"என்னைய ஒரு வார்த்தை கேக்காமக் கூட்டிட்டு வந்து தள்ளிவிட்டுப் போறியா?" என்றாள் செல்லக்கிளி. "பெரிய மனுசன். என்னத்தப் போடுறது இவருக்கு?"

"நீ திங்கறதைப் போடு."

அம்மா குடையை விரித்தாள். இரண்டடி நடந்தவள் நின்றாள்.

"மெட்ராஸ்ல உங்க மகனுக்கு இந்த இடத்து விலாசத்தை எழுதிக் குடுங்க. போற வழியில தபாலாபீஸ்ல சேர்த்துர்றேன். தேடுவாரு."

வைத்தமாநிதி புரூஃபின் கடைசித் தாளைக் கிழித்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் தன் பெயரை எழுதினார். அழகான கையெழுத்து. கீழே, செல்லக்கிளி வீடு என்று எழுதினார்.

அதற்குக் கீழே பென்சிலை வைத்தார்.

வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து தாளில் சொட்டியது. பென்சில் வைத்த இடத்திலேயே இருந்தது.

செல்லக்கிளி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஏன் சாமி, எழுதத் தெரியாதா?"